மூன்று கொட்டேஷன், மூன்று விலை: பல அச்சு மோஷன் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதும் டர்பனுக்கு வரவழைப்பதும்

ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், பைன்டவுன் என்று டர்பனைச் சுற்றி நம்மவர்கள் நடத்தும் சிறு ஆலைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. மசாலா பொட்டலம் போடும் மெஷினிலோ மரம் அறுக்கும் ரூட்டரிலோ மோட்டார்களை நடத்தும் பழைய கன்ட்ரோலர் போய்விடும். புதிதாகப் போட மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்பார்கள். மூன்றிலும் "3 அச்சு மோஷன் கன்ட்ரோலர்" என்றுதான் எழுதியிருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று சில மடங்கு வித்தியாசப்படும். குறைந்த விலை சொன்னவர் ஏமாற்றுகிறாரா, கூடுதல் விலை சொன்னவர் கொள்ளையடிக்கிறாரா என்று முதலாளிக்குப் புரியாது.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அச்சுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் கேட்டதால் மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை போட்டிருக்கிறார்கள். அச்சுகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து ஓட வேண்டும் என்பதுதான் கன்ட்ரோலரின் தரத்தையும் விலையையும் முடிவு செய்கிறது. அது தெளிவான பிறகு மிஞ்சுவது, பழுதானால் மாற்றுப் பெட்டி எத்தனை நாளில் டர்பன் வந்து சேரும் என்ற கேள்வி. இந்த இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

அச்சு என்றால் என்ன? கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது?

நேராகவோ சுழன்றோ தனியாக நகரக்கூடிய ஒவ்வொரு பகுதியும் ஓர் அச்சு. ஓர் அச்சுக்கு மூன்று உறுப்புகள்: சுழற்றும் சர்வோ மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து தரும் டிரைவ், மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று திருப்பிச் சொல்லும் என்கோடர்.

இவற்றுக்கு மேலே இருப்பது மோஷன் கன்ட்ரோலர். "இந்த நொடியில் ஒவ்வோர் அச்சும் எங்கே இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டு, எல்லா டிரைவுகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது அதன் வேலை. டிரைவுக்குள் மூன்று கட்டுப்பாட்டுச் சுற்றுகள் (லூப்: கேட்டதையும் நடந்ததையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் கணக்கு) ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுகின்றன. உள்ளே கரண்ட் சுற்று, அதற்கு வெளியே வேகச் சுற்று, அதற்கும் வெளியே இடச் சுற்று. உள் சுற்று சில பத்து மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை கணக்கிடும். வெளியே வர வர நிதானம் கூடும். கன்ட்ரோலரிலிருந்து வரும் கட்டளை பொதுவாக 1 மில்லி விநாடிக்கு ஒரு முறையோ, வேகமானவற்றில் 250 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறையோ வந்து விழும். இதைத்தான் கேட்டலாக்கில் சைக்கிள் டைம் என்று போடுகிறார்கள்.

பி.எல்.சி. என்பது வேறு. சென்சார் வந்ததா, கதவு மூடியதா, வால்வைத் திற என்பது போன்ற தர்க்கத்தை அது பார்த்துக்கொள்ளும். இன்றைய பி.எல்.சி.கள் பலவற்றில் மோஷன் கன்ட்ரோலரும் உள்ளேயே சேர்ந்து வருவதால் குழப்பம் கூடியிருக்கிறது.

எத்தனை அச்சு என்பதற்கு முன், என்ன பிணைப்பு

1. தனித்தனி அச்சு. ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போய் நிற்கும், அடுத்தது கிளம்பும். கன்வேயர், லிஃப்ட், ஸ்டாப்பர் எல்லாம் இந்த ரகம். இதற்குத் தனிக் கன்ட்ரோலரே தேவையில்லை. டிரைவுக்குள்ளேயே பத்துப் பதினைந்து இடங்களைப் பதித்து வைத்து, பி.எல்.சி. "3ஆம் இடம்" என்று சொன்னால் போதும்.

2. பின்தொடரும் அச்சு. ஒன்று தலைமை, மற்றவை அதன் நிலையைப் பார்த்து ஓடும். ஒரே விகிதத்தில் ஓடினால் எலெக்ட்ரானிக் கியர். தலைமையின் ஒவ்வொரு டிகிரிக்கும் வேறு வேறு நிலை என்று அட்டவணை போட்டால் எலெக்ட்ரானிக் கேம். பேக்கிங், லேபிள், அச்சகம், ஓடும் பொருளை ஓடிக்கொண்டே வெட்டும் கத்தி ஆகியவை இதில் அடங்கும்.

3. பாதை அச்சு. இரண்டு, மூன்று அச்சுகள் சேர்ந்து ஒரே கருவியை ஒரு கோட்டின் மேல் நடத்த வேண்டும். ரூட்டர், லேசர், வெல்டிங், சி.என்.சி. (கணினி நடத்தும் வெட்டு மெஷின்) எல்லாம் இது. எந்த அச்சும் தனியாக முந்தவோ பிந்தவோ கூடாது.

மூன்று அச்சு என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் ஒளிந்திருக்கின்றன. முதல் ரகத்துக்கு விலை போட்டவர் மலிவாகத்தான் போடுவார். அதை வாங்கி இரண்டாம் ரக வேலையில் மாட்டினால் மெஷின் ஓடும், ஆனால் பொட்டலம் பொட்டலமாக இருக்காது.

மசாலா மெஷினுக்குள் ஒரு வினாடி

நிமிடத்துக்கு 60 பொட்டலம், ஒவ்வொன்றும் 150 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிமைப் பையாக்கி, நிரப்பி, ஒட்டும் செங்குத்தான சாதாரண ஃபார்ம் ஃபில் சீல் மெஷின்தான். அச்சுகள் மூன்று: ஃபிலிமை இழுக்கும் பெல்ட், சீல் போடும் ஜா (தாடை), தூளை அளந்து தள்ளும் ஆகர் திருகு.

ஒரு பொட்டலத்துக்குக் கிடைப்பது 1 வினாடி. அதில் ஃபிலிம் இழுக்க 0.4 வினாடி ஒதுக்குகிறோம். பாதி நேரம் வேகம் ஏறி, மீதி நேரம் வேகம் இறங்கி நின்றால், உச்ச வேகம் வினாடிக்கு 750 மி.மீ. வரும். சராசரி வேகத்தைப் போல இது இரண்டு மடங்கு. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி ஐ மார்க்குக்கு வருவோம். ஃபிலிமின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அந்தக் கறுப்புக் கட்டத்தைச் சென்சார் பார்த்ததும், ஃபிலிம் அப்போது எங்கே இருந்தது என்று கன்ட்ரோலர் குறித்துக்கொள்ள வேண்டும். சென்சாரைச் சாதாரண பி.எல்.சி. இன்புட்டில் கொடுத்து, அந்த பி.எல்.சி. 10 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் இன்புட்டைப் படிக்கிறது என்றால், உச்ச வேகத்தில் அந்த இடைவெளியில் ஃபிலிம் 7.5 மி.மீ. ஓடியிருக்கும். பிழை ஒரே அளவாக இருந்தாலாவது ஆஃப்செட் போட்டுச் சரிக்கட்டலாம். அது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பூஜ்யம் முதல் 7.5 வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பொட்டலத்தில் பிராண்ட் பெயர் நடுவில் நிற்கும், அடுத்ததில் தலை வெட்டுப்படும்.

டிரைவிலோ கன்ட்ரோலரிலோ டச் ப்ரோப் அல்லது லாட்ச் இன்புட் என்று தனியாக ஒன்று இருக்கும். சென்சார் சிக்னல் வந்த நொடியிலேயே என்கோடர் எண்ணை வன்பொருள் அளவில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. தாமதம் மைக்ரோ விநாடிக் கணக்கில் அடங்கிவிடும். பேக்கிங் மெஷினுக்குக் கன்ட்ரோலர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: லாட்ச் இன்புட் எத்தனை, எந்த அச்சில், தாமதம் எவ்வளவு? சைக்கிள் டைம் 1 மில்லி விநாடியா 2 மில்லி விநாடியா என்பது இந்த வேகத்தில் இரண்டாம் பட்சம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த மெஷினில் ஃபிலிம், ஜா, ஆகர் மூன்றுக்கும் தலைமை எது? எந்த மோட்டாரையும் தலைமையாக வைக்காமல், கன்ட்ரோலருக்குள் கணக்கில் மட்டும் சுழலும் மெய்நிகர் அச்சு ஒன்றை வைத்து மூன்றையும் அதற்குக் கட்டுவதுதான் நல்ல வழக்கம். ஒரு மோட்டார் நடுங்கினாலும் மற்ற இரண்டுக்கும் அந்த நடுக்கம் பரவாது. ஆனால் சில தயாரிப்பாளர்களின் லைசென்ஸ் கணக்கில் மெய்நிகர் அச்சும் ஓர் அச்சுதான். மூன்று அச்சு மெஷினுக்கு நான்கு அச்சு லைசென்ஸ் வேண்டிவரும். கொட்டேஷனில் இது தெரியாது, ஓட்டிப் பார்க்கும் நாளில் தெரியும்.

வட்டம் ஏன் முட்டையாகிறது

பாதை அச்சுகளில் பிரச்சினை வேறு. சர்வோ எப்போதும் கட்டளைக்குச் சற்றுப் பின்னாலேயே ஓடும். இதைப் பின்னடைவுப் பிழை என்று சொல்லலாம். வேகத்தை இடச் சுற்றின் கெயினால் (பிழையைக் கண்டதும் எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற எண்) வகுத்தால் அது கிடைக்கும்: வினாடிக்கு 100 மி.மீ. வேகம், கெயின் 50 என்றால் 2 மி.மீ. பின்னடைவு. எக்ஸ், ஒய் இரண்டிலும் கெயின் ஒன்றாக இருந்தால் நேர்க்கோட்டில் கருவி பாதையை விட்டு விலகாது. கெயின் வேறுபட்டால் வட்டம் 45 டிகிரி சாய்ந்த முட்டையாகும். கிச்சன் கேபினெட் செய்கிறவர் "மெஷின் லூஸ்" என்று, சுழற்சியை நேர் நகர்வாக்கும் பால் ஸ்க்ரூவை மாற்றிக்கொண்டிருப்பார். கோளாறு அமைப்பில் இருக்கும். ஃபீட் ஃபார்வர்ட் (பிழை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கட்டளையைக் கூட்டித் தருவது) வசதியுள்ள கன்ட்ரோலர் இந்தப் பின்னடைவைப் பெருமளவு தின்றுவிடும்.

அடுத்தது லுக் அஹெட். செதுக்கு வேலைக் கோப்புகளில் பாதை 0.1 மி.மீ. துண்டுகளாக வரும். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 1000 துண்டு. அவ்வளவையும் முன்கூட்டியே படித்து எந்த மூலையில் வேகத்தைக் குறைப்பது என்று கணக்கிட முடியாத கன்ட்ரோலர் ஒவ்வொரு துண்டிலும் தயங்கும். மரத்தில் கருகல் கோடு விழும்.

போகிற போக்கில் ஒன்று: 17 பிட் என்கோடரே ஒரு சுற்றை 1,31,072 பங்காக்குகிறது. 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் ஒரு பங்கு 0.0001 மி.மீ.க்கும் குறைவு. ஸ்க்ரூவின் சொந்தப் பிழை அதைப் போலப் பல நூறு மடங்கு இருக்கும்போது, 23 பிட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதால் வெட்டின் அளவு துல்லியமாகிவிடாது. குறைந்த வேகத்தில் ஓட்டம் வழுவழுப்பாகும், அவ்வளவுதான்.

கேபிள் வழியே என்ன மொழி

பழைய முறையில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி வயர் போகும்: பல்ஸ் மற்றும் திசை, அல்லது பிளஸ் மைனஸ் 10 வோல்ட். இன்று ஒரே நெட்வொர்க் கேபிள் டிரைவிலிருந்து டிரைவுக்குத் தாவிப் போகிறது. பெக்காஃப் 2003ல் வெளியிட்ட ஈதர்கேட், சீமென்ஸ் பக்கம் ப்ரோஃபிநெட் ஐ.ஆர்.டி., ராக்வெல் பக்கம் ஈதர்நெட் ஐ.பி., யாஸ்காவாவின் மெக்காட்ரோலிங்க் என்று பல உண்டு. வேகத்தைவிட முக்கியம், எல்லா டிரைவுகளின் கடிகாரமும் ஒத்துப்போவது. ஈதர்கேட்டில் இந்த விலகல் 1 மைக்ரோ விநாடிக்கும் கீழே நிற்கும்.

திறந்த தரம் என்று சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஈதர்கேட் டிரைவுகள் பெரும்பாலும் சி.ஐ.ஏ. 402 என்ற பொது முறையைப் பேசும். மோட்டாரை ஆன் செய், இடத்துக்குப் போ என்ற அடிப்படை வரை ஒத்துப்போகும். ஹோமிங் (அச்சு தன் பூஜ்ய இடத்தைத் தேடிப் பிடிப்பது) முறை, லாட்ச் தரவு வரும் இடம், ஃபால்ட் எண்கள் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனி டிரைவை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டினால் பத்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால், அவர் அதைச் செய்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எந்த ரகம் வாங்குவது

1. டிரைவுக்குள்ளேயே உள்ள பொசிஷனிங். தனித்தனி அச்சுக்குப் போதும்.

2. மோஷன் சேர்ந்த பி.எல்.சி. ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரத்தின் பி.எல்.சி. மொழிகளிலும், பி.எல்.சி.ஓப்பன் அமைப்பு வகுத்த மோஷன் பிளாக்குகளிலும் எழுதலாம். அதைப் படிக்கத் தெரிந்த டெக்னீஷியன் டர்பனில் கிடைப்பார். சிறு பேக்கிங் ஆலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

3. தனி மோஷன் கன்ட்ரோலர் அல்லது சி.என்.சி. பாதை வேலைக்கு. கருவியின் பாதையை வரிவரியாகச் சொல்லும் ஜி கோடு நேரடியாக ஓடும்.

4. தொழிற்சாலை பி.சி. மேல் ஓடும் ரியல் டைம் மென்பொருள். இருபது முப்பது அச்சு, கேமரா, தரவுச் சேமிப்பு எல்லாம் சேரும்போது இதற்கு ஈடில்லை. மூன்று அச்சுக்கு இது வீண் பாரம். அதன் விண்டோஸையும் பராமரிக்க ஒருவர் வேண்டும்.

மின்சாரம், உயரம், உப்புக் காற்று

கேட்டலாக் ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ எழுதப்பட்டது. இங்கே மாறுகிற விஷயங்கள் சில.

தென்னாப்பிரிக்காவில் மும்முனை 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிய சர்வோக்களில் பெரும்பகுதி 200 வோல்ட் ரகம். மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கினால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் பேனலில் அதற்கு இடமும் வேண்டும். 400 வோல்ட் ரகம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் மெஷினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்டேஜும் ஏறக்குறைய இதே. அதில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் பிராண்டுக்கு இங்கே ஏஜென்ட் உண்டா என்பதே அங்கே கேள்வி.

கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனில் ஓடிய பேனலை ஜோஹன்னஸ்பர்க் கிளைக்கு அனுப்புகிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்தால் டிரைவ் சூட்டை விட முடியாது. பல டிரைவுகளுக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கரண்ட்டைக் குறைக்கச் சொல்வார்கள். 10 ஆம்பியர் டிரைவை அங்கே 9.2 ஆம்பியராகத்தான் எண்ண வேண்டும். டர்பனுக்கு வேறு தொல்லை: ஈரமும் உப்பும். போர்டுகளுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) உள்ள மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) இப்போது தணிந்திருக்கிறது. 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் வராமல் இருந்தது. 2025 ஜனவரி 31 அன்று மறுபடி எட்டிப் பார்த்தது. 2023ன் ஸ்டேஜ் 6 நாட்களை யாரும் மறக்கவில்லை. மின்சாரம் திடீரென்று போகும்போது பிணைந்து ஓடும் அச்சுகளில் ஒன்று முன்னதாகவும் ஒன்று பின்னதாகவும் நின்றால், ஜாவுக்குள் ஃபிலிம் சிக்கும், கத்தி வளையும். இதற்கு மூன்று ஏற்பாடுகள்:

- கன்ட்ரோலரின் 24 வோல்ட்டுக்கு மட்டும் சிறு யு.பி.எஸ். கன்ட்ரோலர் உயிரோடு இருந்தால்தான் ஒழுங்காக நிறுத்த முடியும்.
- டிரைவுகள் டி.சி. பஸ்ஸை (டிரைவுக்குள் இருக்கும் நேர்மின் இணைப்பு) பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. வேகம் குறையும் மோட்டாரிலிருந்து திரும்பி வரும் சக்தியை வைத்தே மற்ற அச்சுகளைப் பிணைப்புக் குலையாமல் நிறுத்தலாம்.
- மின்சாரம் போனாலும் தன் இடத்தை மறக்காத மல்டி டர்ன் அப்சல்யூட் என்கோடர். மின்சாரம் வந்ததும் ஹோமிங் தேட வேண்டாம். பேட்டரி வைத்த ரகமா, பேட்டரி இல்லாத ரகமா என்று கேட்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பூஜ்ய இடம் தொலைந்துபோகும். லித்தியம் பேட்டரியை விமானத்தில் வரவழைப்பதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் வேறு.

பாதுகாப்பு

எஸ்.டி.ஓ. (சேஃப் டார்க் ஆஃப்) என்பது மோட்டாருக்குப் போகும் முறுக்கு விசையை நம்பகமாகத் துண்டிக்கும் வசதி. ஐ.இ.சி. 61800-5-2 அதை வரையறுக்கிறது. ஓடும் மோட்டாரை அது நிறுத்தாது, விட்டுவிடும். மேலும் கீழும் ஓடும் அச்சில் பிரேக் இல்லாமல் எஸ்.டி.ஓ. மட்டும் வைத்தால், அவசர பட்டனை அழுத்தியதும் பாரம் கீழே விழும். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டமும் 2015ன் டிரிவன் மெஷினரி விதிகளும் பாதுகாப்புப் பொறுப்பை மெஷினை ஓட்டுவிக்கும் முதலாளி மேல்தான் வைக்கின்றன. கன்ட்ரோலர் விற்றவர் மேல் கையைக் காட்டித் தப்ப முடியாது.

வரவழைக்கும் வழி

உள்ளூர் அங்கீகார ஏஜென்ட், நேரடி இறக்குமதி, கைமாறிய பழைய சரக்கு என்று மூன்று வழிகள். விலையை ஒப்பிடும்போது கீழே உள்ளவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

1. சுங்கமும் வாட்டும். தென்னாப்பிரிக்கா சுங்க மதிப்பை எஃப்.ஓ.பி. விலையில் (ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான விலை) கணக்கிடுகிறது, கப்பல் கூலி அதில் சேராது. வாட் கணக்கிடும்போது அந்த மதிப்போடு 10 சதவீதமும் சுங்கத் தீர்வையும் சேர்த்து, மொத்தத்தின் மேல் 15 சதவீதம் போடுவார்கள். 1,00,000 ராண்ட் சரக்கு, தீர்வை இல்லை என்றால் வாட் 16,500 ராண்ட். வாட் பதிவு உள்ளவர் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் கையிலிருந்து போகும்.

2. சரியான தலைப்பு. கன்ட்ரோலர் 8537, டிரைவ் 8504, மோட்டார் 8501 என்று ஒவ்வொன்றும் வேறு சுங்கத் தலைப்பில் வரும். மூன்றையும் ஒரே இன்வாய்ஸில் "மெஷின் பார்ட்ஸ்" என்று எழுதி அனுப்பச் சொல்லி, பிறகு துறைமுகத்தில் நிற்காதீர்கள்.

3. எங்கே செய்தது. 2016 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம், சாடெக் (தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம்) நாடுகள் உடன்பாட்டில் சலுகைத் தீர்வை பெற, பொருள் ஐரோப்பாவில் உருவானது என்ற சான்று வேண்டும். ஜெர்மன் கம்பெனி விற்றாலும் வேறு நாட்டில் செய்த பெட்டிக்கு அது பொருந்தாது.

4. ஏற்றுமதிக் கட்டுப்பாடு. நான்குக்கு மேற்பட்ட அச்சுகளை ஒரே நேரத்தில் பாதையில் நடத்தும் சி.என்.சி. மென்பொருள் பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் வாசனார் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில் (தொழிலுக்கும் ராணுவத்துக்கும் உதவும் பொருட்கள்) இருக்கிறது. ஐந்து அச்சு சி.என்.சி. கேட்டால் விற்பவர் இறுதிப் பயனர் சான்று கேட்கலாம். சந்தேகத்தில் கேட்பதாக நினைக்க வேண்டாம், அவர் நாட்டுச் சட்டம் அது. வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும், அதைத் திட்டத்தில் சேருங்கள்.

5. மாடலின் ஆயுள். தயாரிப்பில் இருக்கிறதா, நிறுத்தப்போகிறார்களா, கடைசி ஆர்டர் தேதி அறிவித்துவிட்டார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். 2021, 2022 சிப் தட்டுப்பாட்டில் நடப்பு மாடல்களுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கைமாறிய சரக்கில் விலை பாதியாக இருக்கும். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் பதித்த மென்பொருள்) பதிப்பு உங்கள் புரோகிராமோடு சேராமல் போகலாம், லைசென்ஸ் முந்தைய உரிமையாளர் பெயரில் கிடக்கலாம்.

பெட்டி சின்னது, விமானத்தில் வரவழைக்கலாம். 2023 இறுதியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கூடுதல் கூலி பெரிதாகத் தெரியாது.

ஆர்டரில் எழுதி வாங்க வேண்டியவை

பல ஆலைகளில் நடப்பது இது: கன்ட்ரோலர் உங்களுடையது, அதற்குள் ஓடும் புரோகிராம் அதை மெஷினில் பொருத்தி எழுதித் தந்த இன்டக்ரேட்டருடையது, பாஸ்வேர்ட் அவர் தலைக்குள். அவர் கேப் டவுனுக்குக் குடிபோய்விட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை. ஆகவே:

1. கருத்துரை எழுதிய மூல புரோகிராம், எல்லா டிரைவ்களின் பாராமீட்டர் கோப்பு, பாஸ்வேர்ட்கள், மென்பொருளின் சரியான பதிப்பு எண். இவை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை.

2. மாற்றுப் பெட்டி யாரிடம் ஸ்டாக்கில் இருக்கிறது, எந்த ஊரில் என்பது. ஒரு டிரைவையும் ஒரு என்கோடர் கேபிளையும் நீங்களே வாங்கி அலமாரியில் வைப்பது இன்னும் நல்லது. பழுதாவதில் கேபிளின் பங்கு அதிகம்.

3. ஏற்பு சோதனை. "நன்றாக ஓட வேண்டும்" என்று எழுதினால் அதற்குப் பொருள் கிடையாது. உங்கள் சொந்த ஃபிலிமில், முழு வேகத்தில், தொடர்ந்து ஒரு ஷிஃப்ட் ஓட்டி, ஐ மார்க் விலகல் எத்தனை மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்று எண்ணாக எழுதுங்கள். நடுவில் மெயின் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு, ஹோமிங் இல்லாமல் கிளம்புகிறதா என்றும் பாருங்கள்.

4. உத்தரவாதக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாள் என்று இருந்தால், கடலிலும் சுங்கத்திலும் மெஷின் பொருத்துவதிலும் போன மாதங்களைக் கழித்துக்கொண்டு மிச்சம் பாருங்கள். மெஷின் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து என்று மாற்றக் கேட்டால், ஏஜென்ட்கள் பலர் சம்மதிப்பார்கள். ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டால்.